மஸ்டா: ஒரு நகரமும் ஓர் எஞ்சினும்

இலங்கையில் ஒருவர் கார் வாங்கப் போகின்றார் என்று கேள்விப்பட்டால், உற்றாரும் அயலவரும் முதலில் கேட்பது அதன் அழகைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அல்ல. நாளைக்கு விற்கப் போனால் என்ன விலைக்குப் போகும் என்பதே முதற் கேள்வி. அக்கேள்விக்குப் பெரும்பாலும் டொயோட்டா என்ற ஒற்றைச் சொல்லே விடையாக வருகின்றது. நிசான், ஹொண்டா, சுசுகி ஆகியன அடுத்தடுத்த இடங்களில் நிற்கும். மஸ்டா என்ற பெயரை யாராவது சொன்னால், உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற மறு கேள்வி உடனே எழும். மஸ்டா ஃபமீலியா கார்கள் எமது வீதிகளில் ஓடாதவை அல்ல. ஆயினும் அக்கம்பனியின் பெயர் எம்மவர் மனதில் ஆழமாகப் பதியவில்லை என்பதே உண்மை.

ஆனால் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் மஸ்டாவை நேசிப்போர் என்று ஒரு தனிக் கூட்டம் உண்டு. அவர்கள் மறுவிற்பனைப் பெறுமதியைப் பற்றிப் பேசுவது குறைவு. நாதஸ்வர வித்துவான் ஒருவரின் ரசிகர்கள் அவரது வாசிப்பை விதந்து பேசுவது போல, எஞ்சினின் ஓசையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். உலகின் பெரிய கார்க் கம்பனிகளோடு ஒப்பிடுகையில் மஸ்டா ஒரு சிறிய கம்பனி. ஒரு சிறிய கம்பனி மீது இத்தனை பற்று எவ்வாறு ஏற்பட்டது? விளம்பரத்தால் மட்டும் இது நேர்ந்துவிடாது. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது. அவ்வரலாறு ஹிரோஷிமாவில் தொடங்குகின்றது.

எமது பத்திரிகைகளில் ஹிரோஷிமா என்ற பெயர் ஆண்டுக்கு ஒரு தடவை, ஆகஸ்ட் 6ஆம் திகதியை ஒட்டியே இடம்பெறுவது வழக்கம். வெளிநாட்டுச் செய்தி முகவரகங்கள் அனுப்பும் நினைவஞ்சலிப் படத்தைப் போட்டு, நான்கு வரிகள் எழுதிவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆகஸ்ட் 7ஆம் திகதி அந்நகரத்தில் உயிர் தப்பியிருந்தோர் என்ன செய்தார்கள், எதைக் கொண்டு பிழைத்தார்கள் என்ற கேள்வியைச் செய்தியறைகளில் யாரும் எழுப்பியதை நான் கண்டதில்லை. அக்கேள்விக்குரிய விடைகளுள் ஒன்றுதான் மஸ்டா.

கம்பனியை வளர்த்தெடுத்த ஜுஜிரோ மட்சுடா 1875 ஆகஸ்ட் 6ஆம் திகதி, ஹிரோஷிமாவுக்கு அண்மையிலுள்ள கரையோரக் கிராமமொன்றில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒசாகா நகருக்குச் சென்று கொல்லன் பட்டறையில் தொழில் பழகினார். பின்னர் தாமே வடிவமைத்த ஒருவகைப் பம்பியினால் பெயர் பெற்றார். 1920 ஜனவரியில் ஹிரோஷிமாவில் டோயோ கோர்க் கோக்யோ என்ற கம்பனி தொடங்கப்பட்டது. பெயர் உணர்த்துவது போலவே அது மரப்பட்டையிலிருந்து தக்கை தயாரித்த கம்பனி. மறு ஆண்டில் மட்சுடா அதன் தலைவரானார். 1925ஆம் ஆண்டின் இறுதியில் தொழிற்சாலையில் தீப்பிடித்து பெரும் சேதம் விளைந்தது. தக்கையை நம்பிப் பயனில்லை என்று கண்ட அவர், தமக்குக் கைவந்த இரும்புத் தொழிலின் பக்கம் கம்பனியைத் திருப்பினார். 1927இல் கம்பனியின் பெயரிலிருந்து கோர்க் என்ற சொல் நீங்கி, டோயோ கோக்யோ என்றாயிற்று.

1931இல் அக்கம்பனி தயாரித்த முதல் வாகனம் ஒரு முச்சக்கர வண்டி. முச்சக்கர வண்டி என்றதும் எமது வாசகர்களுக்குக் கொழும்பு வீதிகளில் ஓடுபவையே நினைவுக்கு வரும். இது அத்தகையதன்று. முன்பாதி மோட்டார் சைக்கிளும் பின்பாதி சாமான் ஏற்றும் பெட்டியுமாக அமைந்த வண்டி. அதற்கு மஸ்டா-கோ என்று பெயரிட்டனர். பண்டைய பாரசீகத்தின் ஸோராஸ்ட்ரிய சமயத்தவர் வணங்கிய ஞானக் கடவுளான அஹுர மஸ்டாவின் பெயரே அது என்பது கம்பனி தரும் விளக்கம். நிறுவியவரின் குடும்பப் பெயரோடு அது ஒத்து ஒலிப்பதும் தற்செயலன்று. வெளியுலகம் மஸ்டா என்று அழைக்கும் கம்பனியின் பெயரை ஜப்பானியர் இன்றும் மட்சுடா என்றே எழுதுகின்றனர்.

யுத்த காலத்தில் இத்தொழிற்சாலை இராணுவத்துக்குத் துப்பாக்கிகள் தயாரித்தது. ஹிரோஷிமாவின் கதையைச் சொல்பவர்கள் இதைக் கடந்து செல்வதுண்டு. அக்காலத்தில் ஜப்பானின் தொழிற்சாலைகள் அனைத்துமே யுத்தத்துக்காகவே இயங்கின என்பது சமாதானமாகலாம். ஆயினும் சொல்லாமல் விடுவது முறையன்று.

1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஜுஜிரோ மட்சுடாவுக்குச் சரியாக 70 வயது நிறைந்தது. அன்று காலை 8.15க்கு அணுகுண்டு வெடித்தது. அவர் உயிர் தப்பினார். குண்டு வெடித்த மையத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில், ஃபூச்சு என்ற சிறு பட்டினத்தில் தொழிற்சாலை அமைந்திருந்தது. இடையில் ஹிஜியாமா என்ற குன்று. நகரத்தைச் சாம்பலாக்கிய அதிர்வின் பெரும்பகுதியை அக்குன்று தடுத்துவிட்டது. கூரைகளும் கண்ணாடிகளும் சிதறின, கட்டடங்கள் நின்றன. நகருக்குள் இருந்தவர்களும் அன்று நகருக்குள் வேலைக்குச் சென்றவர்களும் மாண்டனர். அவ்வாண்டின் இறுதிக்குள் ஹிரோஷிமாவில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 140,000 என மதிப்பிடப்படுகின்றது.

காயப்பட்டவர்கள் குன்றைச் சுற்றி நடந்து தொழிற்சாலையை நோக்கி வந்தனர். அங்கிருந்த மருத்துவமனை அவர்களுக்குச் சிகிச்சையளித்தது. மாகாண நிர்வாகத்துக்கு இருக்க இடமில்லாது போகவே, ஹிரோஷிமா மாகாண அரசாங்கம் டோயோ கோக்யோவின் தலைமையகக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்து, மறு ஆண்டு நடுப்பகுதி வரை அங்கிருந்தே இயங்கியது. ஒரு மாகாணத்தின் அரசாங்கம் வண்டித் தொழிற்சாலை ஒன்றில் குடியிருந்த சம்பவம் வேறெங்கும் நிகழ்ந்ததாக நான் படித்ததில்லை. 1945 டிசெம்பரில், குண்டு விழுந்து நான்கே மாதங்களில், முச்சக்கர வண்டி உற்பத்தி மீண்டும் தொடங்கியது. எரிந்த நகரத்தை மீளக் கட்டுவதற்கான பொருட்களைச் சுமக்க வண்டிகள் வேண்டியிருந்தன. ஃபூச்சு பட்டினத்தின் நாற்புறமும் இப்போது ஹிரோஷிமா மாநகரமே சூழ்ந்திருக்கின்றது. மஸ்டாவின் தலைமையகம் இன்றும் அங்கேதான் உள்ளது.

அடுத்த தலைமுறையின் கதைக்கு வருவோம். 1951இல் ஜுஜிரோவின் மகன் சுனேஜி மட்சுடா தலைமையை ஏற்றார். 1960இல் கம்பனியின் முதல் பயணிகள் கார், ஆர்360 கூப்பே, வெளிவந்தது. 356 சீசி எஞ்சினைக் கொண்ட அந்தச் சிறு காரின் விலை 300,000 யென். நன்றாகவே விற்பனையானது. ஆயினும் சுனேஜியை வேறொரு கவலை வாட்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து அமெரிக்கக் கார்கள் உள்ளே வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைச் சமாளிப்பதற்குக் கார்க் கம்பனிகளை ஒருசில குழுக்களாக ஒன்றிணைக்க வேண்டும் என்று ஜப்பானின் சர்வதேச வர்த்தக, கைத்தொழில் அமைச்சு திட்டம் தீட்டியது. அதன்படி நடந்திருந்தால் ஹிரோஷிமாக் கம்பனி ஏதேனுமொரு பெரிய கம்பனியின் கிளைத் தொழிற்சாலையாகியிருக்கும். தனித்து நிற்பதற்குப் பிறரிடம் இல்லாத ஒன்று தம்மிடம் இருக்க வேண்டும் என்று சுனேஜி முடிவு செய்தார்.

அந்த ஒன்று ஜேர்மனியில் இருந்தது. ஃபீலிக்ஸ் வங்கல் என்பவரின் எண்ணத்தில் பிறந்த ரோட்டரி எஞ்சினை என்.எஸ்.யூ. என்ற கம்பனி 1959இன் இறுதியில் உலகுக்கு அறிவித்தது. சாதாரண எஞ்சினில் பிஸ்டன்கள் சிலிண்டருக்குள் மேலும் கீழுமாக ஓடி, ஒவ்வொரு தடவையும் நின்று திரும்புகின்றன. அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றியே சக்கரத்துக்கு அனுப்ப வேண்டும். ரோட்டரி எஞ்சினில் அந்த ஓட்டமும் திரும்பலும் இல்லை. பட்டுப்பூச்சிக் கூட்டின் வடிவிலமைந்த ஓர் அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கின்றது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் அறையின் சுவருக்கும் இடையிலுள்ள வெளிகள் சுழற்சியோடு விரிந்து சுருங்க, எரிபொருளை இழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளியேற்றல் யாவும் அதே சுழற்சியில் நடைபெறுகின்றன. முக்கோணம் ஒரு சுற்று முடிக்கையில் நடுத்தண்டு மூன்று சுற்றுகள் சுற்றிவிடும். எஞ்சின் சிறியது, பாரம் குறைந்தது, அதிர்வு மிகவும் சொற்பம். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சிறந்த எஞ்சின் இருக்க முடியாது.

1960 ஒக்டோபரில் சுனேஜி ஜேர்மனிக்குச் சென்று உடன்படிக்கை செய்தார். கொடுத்த விலை சிறிதன்று. வாங்கி வந்த பின்னரே அந்த எஞ்சினின் உண்மைச் சுபாவம் தெரிந்தது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் சீல்கள் பொருத்தப்பட்டிருக்கும். வாயு ஓர் அறையிலிருந்து மற்றதற்குக் கசியாமல் அவைதான் காக்க வேண்டும். அதிவேகமாகச் சுழல்கையில் அந்தச் சீல்கள் நடுங்கி, அறையின் உட்சுவரில் அலையலையாகக் கீறல்களை விழுத்தின. சில நூறு மணித்தியாலங்கள் ஓடியதும் எஞ்சின் செத்துவிடும். ஹிரோஷிமாவின் பொறியியலாளர்கள் அக்கீறல்களைப் பிசாசின் நகக்கீறல்கள் என்று அழைத்தனர்.

அந்தப் பிசாசோடு மல்லுக்கட்டுவதற்காக 1963 ஏப்ரலில் தனி ஆராய்ச்சிப் பிரிவொன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் கெனிச்சி யமமோட்டோ. அவரோடு இணைந்த இளம் பொறியியலாளர்களையும் சேர்த்து 47 பேர் என்பது கணக்கு. தலைவனுக்காக உயிர் துறந்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரியும். ஆகவே இவர்களுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. யமமோட்டோ டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்றவர். யுத்தம் முடிந்து ஹிரோஷிமாவுக்குத் திரும்பியபோது வீடு இல்லை. அவரது தங்கை குண்டுக்குப் பலியாகியிருந்தார். பட்டதாரிக்கு ஏற்ற வேலை எதுவும் அந்நகரில் இருக்கவில்லை. 1946இல் டோயோ கோக்யோவில் முச்சக்கர வண்டியின் பாகங்களைப் பூட்டும் தொழிலாளியாகச் சேர்ந்தார். அங்கிருந்து வரைபட அறைக்கு உயர்ந்தவர். அந்நகரத்தில் தம் கையால் ஏதேனும் எழும்ப வேண்டும் என்ற வெறி அத்தகைய ஒருவருக்கு இருந்திருக்குமாயின் அதில் வியப்பில்லை.

சீலுக்கு ஏற்ற பொருளைத் தேடி அவர்கள் பட்டபாடு பெரிது. உலோகங்கள் பலவற்றை முயன்றனர். மிருகங்களின் எலும்பைக் கூடப் பரிசோதித்தார்கள் என்று சொல்லப்படுகின்றது. சீலின் உட்புறத்தைக் குடைந்து அதன் நடுக்கத்தின் இயல்பை மாற்றியபோது கீறல்கள் மறைந்தன. அதன்பின் கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்து உருவாக்கிய சீல், ஓட்டத்தைத் தாங்கியது. எண்ணெய் கசிந்து வெண்புகை கக்கிய குறையை இறப்பர் வளையமொன்று தீர்த்தது. 1967 மே 30ஆம் திகதி இரண்டு ரோட்டர்கள் கொண்ட கொஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. தாழ்ந்து நீண்ட அதன் வடிவம் இன்றைக்கும் பார்ப்பவரை நிற்க வைக்கும். ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 1,176 கார்களே தயாராயின. இலாபத்துக்காக அல்ல, இயலும் என்று காட்டுவதற்காகவே அதனைச் செய்தார்கள். மறு ஆண்டு, நூர்பர்க்ரிங் ஓட்டப்பாதையில் 84 மணித்தியாலங்கள் ஓயாது ஓடும் பந்தயத்தில் ஒரு கொஸ்மோ நான்காவதாக வந்தது. எஞ்சின் நிலைக்காது என்று கூறியவர்களுக்கு அதுவே பதிலாயிற்று.

இந்த எஞ்சினுக்கு உரிமம் வாங்கியவர்களுள் மஸ்டா மட்டும் இருக்கவில்லை. டைம்லர்-பென்ஸ், ஜெனரல் மோட்டர்ஸ், டொயோட்டா, நிசான் எனப் பெரும் பெயர்கள் யாவும் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாகக் கைவிட்டன. எஞ்சினின் தாய்க் கம்பனியான என்.எஸ்.யூ. 1967இல் ஆர்ஓ80 என்ற அழகிய காரை வெளியிட்டது. அதன் சீல்கள் தேய்ந்துபோக, புது எஞ்சின்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தே கம்பனி களைத்து, 1969இல் ஃபோல்க்ஸ்வாகனின் கைக்குள் போய் அவ்டியோடு இணைக்கப்பட்டது. பெற்ற தாய் மாண்டாள். தத்தெடுத்தவள் பிள்ளையை வளர்த்தாள்.

ஆனால் வளர்த்தவளையும் அந்தப் பிள்ளை ஒருமுறை படுகுழிக்குள் தள்ளியது. வீர வரலாறாக இக்கதையைச் சொல்பவர்கள் இவ்விடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றனர். எனக்கோ இதுவே முக்கியமான இடமாகத் தோன்றுகின்றது.

சுனேஜி 1970இல் காலமானார். அவரது மகன் கோஹெய் மட்சுடா தலைவரானார். அதே ஆண்டில் மஸ்டா அமெரிக்காவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் அமெரிக்கா கடுமையான தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. ரோட்டரி எஞ்சினின் புகையில் நைதரசன் ஒட்சைட்டுகள் குறைவு; எரியாத எரிபொருளோ அதிகம். அந்த எரியாத மிச்சத்தை வெளியேறும் வழியிலேயே எரித்துவிடும் சாதனமொன்றை மஸ்டா பொருத்தி, பெரிய கம்பனிகள் இயலாது என்று கையை விரித்திருந்த வேளையில் சட்டத்தின் அளவுகோலைத் தாண்டியது. பாராட்டுகள் குவிந்தன. விற்பனை ஏறியது. ஆனால் அந்தச் சாதனம் எரிந்துகொண்டேயிருக்க வேண்டுமானால் எஞ்சினுக்கு எரிபொருளைத் தாராளமாக ஊட்ட வேண்டும். ஏற்கெனவே பெற்றோல் குடிக்கும் எஞ்சின் மேலும் குடித்தது. பெற்றோல் மலிவாக இருக்கும்வரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைக் கட்டுப்படுத்தின. அமெரிக்காவில் பெற்றோலுக்கு வரிசைகள் நீண்டன. அந்த வேளையில் அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், மஸ்டா ரோட்டரி கார்கள் நகர ஓட்டத்தில் கலனுக்கு 10, 11 மைலே ஓடுகின்றன என்று அறிவித்தது. மறு ஆண்டில் அமெரிக்க விற்பனை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. விற்காத கார்கள் துறைமுகங்களில் குவிந்தன. கம்பனி திவாலாகும் நிலைக்கு வந்தது. கடன் கொடுத்த சுமிட்டோமோ வங்கி தனது அதிகாரிகளை ஹிரோஷிமாவுக்கு அனுப்பி நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 1977இல் கோஹெய் பதவி விலக, மூன்று தலைமுறையாக நீடித்த மட்சுடா குடும்பத்தின் தலைமை முடிவுக்கு வந்தது.

யார் கம்பனியைக் காப்பாற்றினார்கள்? வங்கி என்று பொருளாதார நூல்கள் எழுதும். அது பாதி உண்மை. தொழிலாளரை வேலைநீக்கம் செய்யாமலே, ஓய்வுபெற்றோரின் இடங்களை நிரப்பாது, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பேரைக் கம்பனி குறைத்தது. தொழிற்சாலையில் வேலையற்றிருந்த ஆயிரக்கணக்கானோர் நாடெங்குமுள்ள விற்பனை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அக்கால ஜப்பானில் காரை வீடு வீடாகச் சென்றே விற்பது வழக்கம். இயந்திரத்தோடு மட்டும் பழகிய மனிதர்கள், குடும்பத்தை ஹிரோஷிமாவில் விட்டுவிட்டு, முன்பின் அறியாத ஊர்களில் கதவைத் தட்டித் தலைவணங்கிக் கார் விற்றார்கள். ஹிரோஷிமாவின் வர்த்தகர்களும் நிறுவனங்களும் உள்ளூர்க் காரையே வாங்குவோம் என்று ஓர் இயக்கம் நடத்தினர். 1940களில் நகரத்துக்குத் தொழிற்சாலை இடம் கொடுத்தது. 1970களில் தொழிற்சாலைக்கு நகரம் தோள் கொடுத்தது.

இங்கே ஓர் உபகதை. ஹிரோஷிமாவின் பேஸ்போல் அணி டோயோ கார்ப். டோயோ என்பது இக்கம்பனியின் பெயர்தான். சுனேஜியும் அவருக்குப்பின் கோஹெய்யும் அதன் உரிமையாளர்களாக இருந்தனர். யுத்தத்தின் பின் ஏழை நகரமொன்று தொடங்கிய அந்த அணி, கால் நூற்றாண்டாகத் தோல்விக்கே பெயர்போனது. 1975இல், கம்பனி உயிருக்குப் போராடிய அதே ஆண்டில், செந்நிறத் தொப்பி அணிந்த அந்த அணி முதற்தடவையாகத் தனது லீக்கின் வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கதாசிரியர் ஒருவர் இதைக் கற்பனை செய்திருந்தால் நம்பமுடியாது என்று பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார்.

ரோட்டரி எஞ்சினை அப்போதே கைவிட்டிருக்கலாம். வங்கியின் கணக்கறிந்தோர் பார்வையில் அதுவே விவேகம். யமமோட்டோ மறுத்தார். எரிபொருள் செலவை 40 வீதம் குறைப்போம் என்று இலக்கு வைத்து, சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையின் பெயரை அத்திட்டத்துக்குச் சூட்டினார்கள். இலக்கை எட்டினார்கள். 1978இல் ஆர்எக்ஸ்-7 பிறந்தது. சிறிய எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக வைத்ததால் காரின் பாரம் சமமாகப் பரவி, திருப்பங்களில் அது தனிச் சுகத்தைக் கொடுத்தது. மூன்று தலைமுறைகளாக 2002 வரை 811,000க்கும் அதிகமான ஆர்எக்ஸ்-7 கார்கள் தயாராயின. குடும்பங்கள் வாங்கும் கார்களிலோ மஸ்டா சாதாரண பிஸ்டன் எஞ்சினுக்கே திரும்பியது. 1980இல் வந்த ஃபமீலியா, ஜப்பானில் அவ்வாண்டு முதற்தடவையாக வழங்கப்பட்ட ஆண்டின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. கம்பனிக்குச் சோறு போட்டது ஃபமீலியா. பெயர் தேடிக் கொடுத்தது ஆர்எக்ஸ்-7.

பத்திரிகையாளன் என்ற முறையில் நான் சொல்ல விரும்பும் சம்பவம் ஒன்றுண்டு. 1979இல் பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகையாளர் யமமோட்டோவைச் சந்தித்தார். எத்தகைய கார் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, பிரித்தானியர் முன்பு செய்துவந்த, கூரை திறக்கும், பாரம் குறைந்த இருவர் காரை இன்று யாரும் செய்வதில்லை, நீங்கள் செய்யலாமே என்றார் ஹோல். பத்திரிகையாளர் சொல்லும் யோசனைகளைக் கம்பனித் தலைவர்கள் புன்னகையோடு கேட்டு மறந்துவிடுவதே உலக வழக்கம். யமமோட்டோ மறக்கவில்லை. ஹோல் பின்னர் மஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1984இல் கம்பனி மஸ்டா என்ற பெயரைச் சட்டபூர்வமாகச் சூடிக்கொண்டது. அதே ஆண்டில், வண்டிப் பாகம் பூட்டிய யமமோட்டோ அதன் தலைவரானார். 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 அறிமுகமானது. அதில் ரோட்டரி எஞ்சின் இல்லை. குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடலாதல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொற்றொடரையே அதன் வடிவமைப்பாளர்கள் மந்திரமாகக் கொண்டிருந்தனர். 2016இல் பத்து இலட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. உலகில் மிக அதிகமாக விற்பனையான இருவர் ஸ்போர்ட்ஸ் கார் அதுவே.

1991 ஜூன் 22, 23ஆம் திகதிகளில் பிரான்ஸின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணித்தியாலப் பந்தயத்தை மஸ்டா ரசிகர்கள் புராணம் போல ஓதுவர். நான்கு ரோட்டர்கள் கொண்ட, செம்மஞ்சளும் பச்சையும் பூசிய 787பி காரின் இலக்கம் 55. ஜொனி ஹேர்பர்ட், ஃபோல்க்கர் வைட்லர், பெர்ட்ரண்ட் கஷோ ஆகிய மூவர் ஓட்டினர். முன்னணியில் சென்ற மெர்சிடிஸ் கார் இறுதி மணித்தியாலங்களில் பழுதடைய, 362 சுற்றுகளை முடித்து மஸ்டா வென்றது. கடைசிச் சுற்றுகளை ஓட்டி முடித்த ஹேர்பர்ட் உடல் வரண்டு சரிந்து மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டதால் வெற்றி மேடையில் ஏற முடியவில்லை. லெ மானில் வென்ற முதல் ஜப்பானியக் கார் அது. டொயோட்டா அந்த வெற்றியைப் பெற 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போட்டியாளர்களின் கார்களைவிட மஸ்டாவுக்கு எடைச் சலுகை இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். ரோட்டரி எஞ்சினுக்கு விதிகளில் இடமிருந்த கடைசிச் சந்தர்ப்பங்களுள் ஒன்று அது என்பதும் அதேயளவு உண்மை.

வெற்றியின் பின் வந்தது வீழ்ச்சி. ஜப்பானின் பொருளாதாரம் ஊதிப் பெருத்த காலத்தில் மஸ்டா ஐந்து தனித்தனி விற்பனைப் பெயர்களில் கார்களை அடுக்கியது. குமிழி உடைந்ததும் தாங்க முடியவில்லை. 1979 முதல் ஏறத்தாழக் கால்பங்கை வைத்திருந்த ஃபோர்ட், 1996இல் தனது பங்கை 33.4 வீதமாக உயர்த்தி, ஹென்ரி வொலஸ் என்பவரைத் தலைவராக்கியது. ஜப்பானியக் கார்க் கம்பனியொன்றுக்கு வெளிநாட்டவர் தலைமை ஏற்றது அதுவே முதற்தடவை. ஹிரோஷிமாவில் பலர் மனம் புண்பட்டிருப்பர். எனினும் 2003இல் ஆர்எக்ஸ்-8 என்ற ரோட்டரி காரும் அக்காலத்திலேயே வெளிவந்தது. 2008இல் தனக்கே பணமுடை வந்தபோது ஃபோர்ட் பங்குகளை விற்கத் தொடங்கி, 2015க்குள் முற்றாக வெளியேறியது. 2017இல் டொயோட்டா ஏறத்தாழ 5 வீதத்தை வாங்கியது. தனித்து நிற்பது என்ற சுனேஜியின் கனவு இன்று எந்தளவு உயிரோடிருக்கின்றது என்பது விவாதத்துக்குரியது.

2012 ஜூனில் கடைசி ஆர்எக்ஸ்-8 தொழிற்சாலையை விட்டு வெளியேறியதோடு, ஏறத்தாழ 20 இலட்சம் ரோட்டரி கார்களைத் தயாரித்த உற்பத்தி நின்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளை அந்த எஞ்சினால் ஈடுகொடுக்க இயலவில்லை. தமது வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கு ஈந்த யமமோட்டோ 2017 டிசெம்பரில் 95 வயதில் காலமானார். 2023இல் மஸ்டா, 830 சீசி அளவுள்ள ஒற்றை ரோட்டர் எஞ்சினை எம்எக்ஸ்-30 காரில் மீண்டும் பொருத்தியது. இம்முறை அது சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. மின்கலத்துக்கு மின்சாரம் உற்பத்தி செய்யும் ஜெனரேட்டராக மட்டும் வேலை செய்கின்றது. ரசிகர்கள் சிலர் இதை அவமதிப்பாகக் கருதினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சிறிதாகவும் அதிர்வின்றியும் இருப்பதே அந்த எஞ்சினின் பிறவிக் குணம். ஜெனரேட்டருக்கு வேண்டியதும் அதுதான். சில ஆண்டுகளுக்கு முன்னர் கலைக்கப்பட்டிருந்த ரோட்டரி எஞ்சின் அபிவிருத்திப் பிரிவை 2024 பெப்ரவரியில் ஹிரோஷிமாவில் மஸ்டா திரும்பவும் கூட்டியது. முனைச் சீல், எண்ணெய், புகை ஆகிய அதே பழைய கணக்குகள் அவர்களது மேசைக்கு மீண்டும் வந்திருக்கின்றன.